இரண்டு நிமிட ஒப்புதல்

இன்னும் பத்தொன்பது மணி நேரம். அதற்குள் நிறுத்தாவிட்டால் ஒரு கிரிப்டோ நாணயத்தின் புதிய மென்பொருள் நாற்பதாயிரம் பேருடைய கணினிகளில் தானாக ஏறிவிடும்.

"அதுக்குள்ள ஒரு பூட்டு இருக்கு. யாரோட பணம் இருக்கிற வாலட்டை வேணும்னாலும் மூடிடலாம். என் ஒப்புதலோட போயிருக்கு. நான் கொடுக்கல," என்றார் அந்தப் பெண் பொறியாளர். உதவி கேட்டு வந்ததிலிருந்து நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

தடயவியல் கூடத்தில் இருபது வருடம் உழைத்த அண்ணி நிதானமாகக் குறிப்பெடுத்தார். அவருடைய நாத்தனார் சின்னவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

அந்த நிரலுக்குக் காவல் மூன்றே பேர்: பொறியாளர், அவர் தம்பி, கூட்டாளியான மீசைக்காரர். ஒருவர் மாற்றத்தை அனுப்ப, இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். திருடர்களை மடக்கப் பூட்டு வேண்டுமென்று மீசைக்காரர் ஒரு வருடமாக மல்லுக்கட்டினார். அக்காவும் தம்பியும் அசையவில்லை. இப்போது தம்பி பெயரில் அனுப்பி, அக்கா பெயரில் ஒப்புதல் பெற்று, பூட்டு உள்ளே வந்திருந்தது.

"மீசைக்காரர்தான் அண்ணி! ரெண்டு பேரோட ஒப்புதல் சாவியையும் ஆட்டையப் போட்டுட்டார்."

"பூட்டு இருக்குன்னு ஊரைக் கூட்டினதே அவர்தானேடி?"

"நல்லவன் வேஷம்."

அண்ணி பொறியாளரிடம் திரும்பினார். "சாவியைக் காட்டுங்க."

பொறியாளர் கழுத்துக் கயிற்றை இழுத்தார். விரல் நீளக் கருவி, நடுவில் ஒரு பொத்தான். அதை அழுத்தாமல் அனுப்பவும் முடியாது, ஒப்புதல் தரவும் முடியாது.

"கழட்டுவீங்களா?"

"குளிக்கும்போதுகூட இல்ல."

அப்படியானால் சாவியை யாரும் திருடவில்லை என்று சின்னவளுக்கு உறைத்தது.

பொறியாளரின் அலுவலகத்தில் மூவரையும் உட்கார வைத்தார் அண்ணி. மேசை நடுவே, நாணயம் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் குரல் போகும் ஒலிவாங்கி அணைந்திருந்தது. மீசைக்காரர் சுவரைப் பார்த்திருந்தார். தம்பி தன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"மீசைக்காரர் கேட்ட பூட்டைப் போட மூணு பேர் சாவி வேணும். இதை ஒரே ஆள் போட்டுடலாம்," என்றார் அண்ணி. "மூணு வருஷப் பதிவைப் படிச்சேன். மீசைக்காரர் எது அனுப்பினாலும் அக்கா கேள்வியால துளைச்சு எடுத்திருக்காங்க. முந்நூத்தி நாப்பது கேள்வி. தம்பிகிட்ட?"

அண்ணி தம்பியின் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுகூட இல்ல. தம்பி எழுத்துப் பிழை திருத்தம்னு தலைப்புப் போட்டு இருநூறு வரி அனுப்பினது பதினொண்ணு பத்துக்கு. அக்கா ஒப்புதல் பதினொண்ணு பன்னெண்டுக்கு. எதிராளியோடதை வரி வரியா படிச்சவங்க, நம்ம ஆளோடதை…"

தம்பியின் விரலில் சாவி நின்றது. "அக்கா, சாவி திருடு போச்சுன்னு சொல்லு. நானும் சொல்றேன்."

"சொல்லலாம்," என்றார் அண்ணி. "விசாரிக்கவே பத்து நாள் ஆகும். மென்பொருள் நாளைக்குக் காலைல ஏறிடும். ஒப்புதல் கொடுத்தவங்களே எல்லாருக்கும் கேக்கற மாதிரி காரணம் சொல்லி அதைத் திரும்ப வாங்கினா மட்டும்தான் நிக்கும்."

"உன் பேர் நாறிடும் அக்கா. அப்புறம் உன்னை எவனும் நம்ப மாட்டான்," என்றான் தம்பி. அவன் குரலில் கெஞ்சல் இல்லை. மிரட்டல்தான் இருந்தது.

பொறியாளர் தம்பியைப் பார்த்தபடியே கையை நீட்டி ஒலிவாங்கியைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஒப்புதலைத் திரும்ப வாங்கறேன். சாவி திருடு போகல. அனுப்பினது என் தம்பி. அழுத்தினது நான்." அவர் ஒலிவாங்கியை அருகில் இழுத்தார். "நான் அதைப் படிக்கவே இல்ல."