வெள்ளைக் கூழில் ஒரு விரல் ரேகை

"துப்பட்டா பொட்டிக்கா... இல்ல உங்களுக்கா?"

கேட்டவனை இனியா முறைத்தாள். நெய்வேலி பஸ் கண்ணெதிரே போய்விட்டது. மழையோ சாய்த்து அடித்தது. ஜங்ஷன் ரோட்டில் புதிதாய் முளைத்திருந்த கம்ப்யூட்டர் கடையின் தகரக் கூரைக்குக் கீழேதான் ஒதுங்க இடம் கிடைத்தது. கையிலிருந்த சிபியுவுக்குத் துப்பட்டாவைப் போர்த்திவிட்டு, அவள் தொப்பலாக நனைந்திருந்தாள்.

"எனக்குச் சளி புடிச்சா மாத்திரை இருக்குது. இதுக்கு இருக்குதா?"

"இருக்குதே... உள்ள வாங்க. அந்த வைத்தியந்தான் நமக்குப் பொழப்பு."

சிரிக்கிற கடைக்காரனை நம்பக் கூடாது. அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தது. ஆனால் அந்தக் கண்கள்... மழை வெளிச்சத்தில், அப்போதுதான் கழுவி வைத்த மாதிரி... சீ, என்ன இது!

மணி மூன்று. ஐந்துக்குள், இந்தப் பெட்டியில் அவள் வரைந்து வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளின் படங்கள் பாண்டிச்சேரிக்கு மெயிலில் போயாக வேண்டும். போனால், செராமிக் தொழிற்பேட்டையில் இருக்கிற அப்பாவின் பட்டறையில் இனி புது பொம்மைகளுக்கு வடிவம் போடுவது அவள் வேலை. போகாவிட்டால் பழையபடி சாயம் பூச உட்கார வேண்டியதுதான். "இந்த ஆர்டர் தவறிச்சின்னா பொட்டிய மூட்ட கட்டிடு" என்று அப்பா ஜெயராஜ் முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் இரண்டு பேச்சு பேசுகிற ஆள் இல்லை.

"என்ன பண்ணுது?" என்றான் அவன். பெயர் நிலவன். பெண்ணாடத்துக்காரன். கடை போட்டு இருபது நாள்.

"மவுஸ அசைச்சிட்டு டீ குடிக்கப் போலாம். திரும்பி வரப்பதான் அம்பு நகருது."

"எப்பலேருந்து?"

அவள் நனைந்த முடியை ஒதுக்கினாள். "ப்ராசஸர் வேகத்த நானே ஏத்தினேன். ஓவர்கிளாக்... வீடியோ பாத்து. ரெண்டு நாள் குதிரையா ஓடிச்சி..."

"அடேங்கப்பா!"

"சிரிக்காதீங்க."

"சிரிக்கலைங்க... பயப்படறேன்."

அவள் சொன்னது பாதிதான். மீதியை மறைத்துவிட்டாள். வேகம் குறைந்ததும் அவள் பெட்டியைத் திறந்தாள். ப்ராசஸர் மேல், சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்து காய்ந்து கிடந்த வெள்ளைப் பசையைச் சுரண்டி எறிந்தாள். பொம்மைக்குக் கை கால் ஒட்டுகிற வெள்ளைக் களிமண் கூழை அங்கே தடவி, விசிறியை மாட்டி, ஓரத்தில் பிதுங்கியதைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டாள். இரண்டும் வெள்ளைதானே! பேட்டைக்காரிக்கு வேறென்ன தோன்றும்? அது தப்பு என்று தெரிந்த பிறகு மறுபடி தொடத் துணியவில்லை. உள்ளூர்க் கடையில் கொடுத்தால் அப்பா காதுக்குப் போய்விடும் என்றுதான் நெய்வேலிக்குக் கிளம்பியது. பஸ் போன பிறகு இந்தப் புதுக்கடையை விட்டால் வேறு வழியில்லை.

நிலவன் பெட்டியை ஓடவிட்டான். "சும்மா கெடக்கும்போதே தொண்ணூத்தெட்டு டிகிரி! சூடு தாங்காம அதுவே வேகத்தக் கொறைச்சிக்குது." ஏற்றிய வேகத்தைப் பழைய அளவுக்கு இறக்கினான். மறுபடி பார்த்தான். தொண்ணூற்றைந்து. "வேகம் மட்டும் இல்லைங்க... உள்ள என்னமோ இருக்குது."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். அந்த நேரம் பார்த்துக் குடையோடு ஜெயராஜ் வந்து நின்றார்.

"பஸ்ஸ வுட்டுட்டியாமே! தம்பி, எம் முன்னாலயே தொற. உள்ள இருக்கறத மாத்திடுவீங்க."

விசிறி கழன்றது. அடியில் வெள்ளையாய், வெடித்து, காய்ந்து... நிலவன் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை... எல்லாம் தெரிந்துவிட்டது அவனுக்கு.

"அது என்ன வெள்ளையா?"

"தூசிங்க ஐயா. பட்டறைத் தூசி."

துடைத்தான். சரியான பசையை வைத்தான். நாற்பத்திரண்டு டிகிரி! அம்பு பறந்தது. ஆட்டுக்குட்டியும் இடையனும் குழந்தையும் திரையில் பத்திரமாக வந்து நின்றார்கள். நான்கு இருபதுக்குப் படங்கள் போய்ச் சேர்ந்தன. அப்பாடா...

ஆனாலும் நெஞ்சில் ஒரு முள். தனக்காகத்தான் சொன்னான். பொய் இத்தனை சுலபமாய் வருகிறவனை எப்படி நம்புவது? யாரோ ஒருவன் தயவில் தப்பித்தோம் என்று குனிந்து நடப்பதா?

"அப்பா... அது தூசி இல்ல. வேகத்த ஏத்தினது நானு. பொட்டியத் தொறந்து கூழு தடவினதும் நாந்தான்."

ஜெயராஜுக்குச் சிரிப்பில் வயிறு குலுங்கியது.

"ஒட்டற கூழையா? அடிப்பாவி... இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா சூளையே வேணாம், அதுலயே பொம்மய வேக வெச்சிருக்கலாம்!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "படம் போயிடுச்சில்ல? வுடு. இனிமே வடிவம் போடறது ஒன் வேல."

இனியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவரோ அதற்குள் நிலவன் பக்கம் திரும்பியிருந்தார்.

"நீ ஏந்தம்பி பொய் சொன்ன?"

"அவங்க மொகம் செத்துப்போச்சிங்க... பாக்க முடியல."

"பொய் சொல்றவன் கை சும்மா இருக்காது. உள்ளேருந்து எதுனா எடுத்தியா?"

"அப்பா!" மானம் போகிறதே என்று அவள் நாக்கைக் கடித்தாள்.

"...எடுத்தேங்க."

நிலவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் வைத்தான். உள்ளே நகமளவு வெள்ளைச் சில்லு. அதில் சுழி சுழியாக, அச்சுப் போட்ட மாதிரி... அவளுடைய கட்டைவிரல் ரேகை.

"தொடச்சிப் போட மனசு வரல ஐயா. துப்பட்டாவப் பொட்டிக்குப் போத்திட்டு நனைஞ்சிக்கிட்டு நின்னாங்களே... அப்பவே... புடிச்சிப்போச்சிங்க."

தகரத்தில் மழை ஓய்ந்து, ஒவ்வொரு சொட்டாய் விழுந்தது. ஜெயராஜ் மகளைப் பார்த்தார். அவள் தலை குனிந்தே இருந்தது. கண்கள் மட்டும் நிமிர்ந்து, ஈரமாய், நேராக அவனிடம் போயின.

"என்னம்மா... திருப்பி வாங்கிரவா?"

"வேணாம்ப்பா" என்றாள் இனியா. "அவருகிட்டயே இருக்கட்டும்..."