இன்ஜினைப் பிரித்த நாள்

"வாசல்ல பழைய இரும்புக்காரர் காத்துக்கிட்டு நிக்கிறார்... வழியை விடுடி!"

காலையிலேயே மாமியாரின் குரல் உச்சத்துக்குப் போய்விட்டது. மருமகள் அசையவில்லை. தகரக் கொட்டகையின் வாசலில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றாள். அவளுக்குப் பின்னால், கிழிந்த சாக்குக்கு அடியில், கணவரின் மோட்டார் சைக்கிள்.

"என் பிள்ளை காலை முறிச்ச சனியன்! பார்க்கப் பார்க்க வயிறு எரியுது!"

"பிரிச்சுப் பார்க்காம இதை வெளியே விடமாட்டேன் அத்தை."

மூன்று வருடமாக அவள் கெஞ்சிக்கொண்டிருந்ததும் இதற்காகத்தான். ஓடிக்கொண்டிருந்த வண்டியின் இன்ஜின் ஒருநாள் திடீரென்று இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, கணவரை நடுரோட்டில் தூக்கியடித்தது. இடது முழங்கால் அதன்பிறகு மடங்கவே இல்லை. அச்சகத்தில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர் வீட்டோடு முடங்கினார். அன்று காலை வண்டியைக் கழுவியது அவள். "அண்ணிதான் இன்ஜினுக்குள்ள தண்ணிய விட்டுட்டாங்க" என்று கொழுந்தன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். பழி அவள் தலையில் விழுந்தது.

இன்ஜின் மூடியின் திருகுகளில் புதுக் கீறல்கள் இருந்தன, யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். தொட்டதே இல்லை என்று கொழுந்தன் சத்தியம் செய்தான். ஆஸ்பத்திரிக்குப் பதறி ஓடிவந்த அவள் அப்பாவிடம், "உங்க பொண்ணு என் பிள்ளையை முடமாக்கிட்டா!" என்று மாமியார் கத்தினாள். அந்த மனிதர் தலைகுனிந்து வெளியேறியவர்தான். அப்புறம் இந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை.

கணவர் ஊன்றுகோலோடு வந்தார். "எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"பிடிவாதம் இல்லைங்க, வஞ்சம்! சோறு ஊட்டி வளர்த்த மாதிரி வளர்த்து வெச்சிருக்கேன். உள்ளே என் தப்பு இருந்தா இப்பவே பெட்டியைக் கட்டறேன். வேற யார் தப்பாவது இருந்தா..."

கொழுந்தன் செருப்பை மாட்டினான். "எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு."

"இரு தம்பி. இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாப் போகலாம்."

இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பினாள். கணவர் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். துருவேறிய மூடி முனகிக்கொண்டு பிரிந்தது. உள்ளே தார் மாதிரி கறுத்த ஆயில். ஆயில் பம்ப்புக்குப் போகிற சல்லடையின் வாயில் ஏதோ உருண்டையாக அடைத்திருந்தது. கணவர் இடுக்கியால் இழுத்தார்... துணி! "இது அடைச்சு, ஆயில் ஏறாமதான் இன்ஜின் இறுகியிருக்கு" என்றார்.

அவள் அதை மண்ணெண்ணெயில் அலசி விரித்தாள். மஞ்சளில் ஊதாப் பூ.

"அட, இது என் புடவை ஆச்சே..." மாமியார் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "இத்துப்போச்சுன்னு கிழிச்சு, கை துடைக்கக் கேட்டானேன்னு சின்னவன்கிட்ட..."

பாதியில் நிறுத்திச் சின்ன மகனைப் பார்த்தாள். கொழுந்தன் முகம் வெளிறியது.

"நான் ஓட்டி ஓட்டி கிளட்சைத் தேய்ச்சுட்டேண்ணா... நீ திட்டுவேன்னு உனக்குத் தெரியாம அந்த மூடியைக் கழட்டி நானே மாத்தினேன்... துணி உள்ளே விழுந்தது சத்தியமா தெரியாது!"

"தெரியாது, சரி. திறந்தது தெரியுமில்ல?" என்றாள் அவள்.

அவன் காலில் விழ வந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. வெயிலில் அலைந்தவள் வாயில் குளிர்ந்த தண்ணீர் பட்டதுபோல உள்ளெல்லாம் இனித்தது.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். கெடுத்தவன் நீ, சரி பண்ணப்போறவனும் நீ. இந்த வண்டி ஓடற அன்னிக்கு நீயே போய் எங்கப்பாவைக் கூட்டிட்டு வரணும்!"

தினமும் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் கொழுந்தன் கொட்டகையில் உட்கார்ந்தான். சிலிண்டரோடு ஒட்டிக்கிடந்த பிஸ்டனை டீசலில் ஊறவைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி எடுத்தான். சிலிண்டரை லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டார்கள். நகக்கண் கறுத்து, அவன் சோறு பிசையவே கூசினான்.

"என்ன தம்பி, திடீர்னு மெக்கானிக் ஆயிட்டே?" என்று மதிலுக்கு மேலே அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள்.

"கேக்கறாங்கல்ல, சொல்லு தம்பி!" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். யார் கேட்டாலும் அவன் முழுக் கதையும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் தாளிப்பை நிறுத்திவிட்டுக் கடைசி வார்த்தைவரை கேட்பாள்.

"போதும் விடேன், பாவம்" என்றார் கணவர் ஒருநாள்.

"என்னை ஒரு நாளாவது பாவம்னு சொல்லியிருந்தீங்கன்னா விட்டிருப்பேன்!"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சொல்லல... பக்கத்துலயே இருந்துக்கிட்டு வாயைத் திறக்கல. அவனைவிடப் பெரிய பாவி நான்தான்..." எல்லோர் முன்னாலும் குலுங்கி அழுதார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆறுதல் மட்டும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தன் போய்க் கூப்பிட, அப்பா வந்தார். இன்னும் குனிந்த தலையோடு, வாசலிலேயே தயங்கி நின்றார். கொழுந்தன் வண்டியின் கிக்கரை உதைத்தான். வண்டி இருமியது, புகை கக்கியது, மறுபடி உதைத்ததும் தடதடவென்று பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குள் அவன் அவசர அவசரமாக எதையோ முணுமுணுத்தான்.

"காதுல விழல. இன்ஜினை நிறுத்திட்டுச் சொல்லு."

நிறுத்தினான். தெருவே நிசப்தமாக இருந்தது. "மாமா... அண்ணி மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் நான் பண்ணது. பொய் சொன்னதும் நான்தான்."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் பேசின பேச்சுக்கு என் நாக்கு அழுகணும் சம்பந்தி..."

அப்பா நிமிர்ந்தார். "நீ பண்ணியிருக்கமாட்டேன்னு தெரியும்மா... தெரிஞ்சும் உனக்காக ஒரு வார்த்தை பேசத் துணிச்சல் இல்லாம போனேனே!" என்று கைகளை நீட்டினார்.

அப்போதுதான் அவள் உடைந்தாள். அப்பாவின் தோளில் முகம் புதைத்து, அத்தனை நாளும் வராத அழுகையெல்லாம் அழுது தீர்த்தாள்.

"சின்னப் பையன்... மன்னிச்சிடும்மா" என்றார் அவர், அவள் தலையைத் தடவியபடி.

"நீங்க மன்னிச்சுக்கோங்கப்பா. எனக்கு இன்னும் நாளாகும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "உள்ளே வாங்க, இது என் வீடு. தம்பி, கையை நல்லாத் தேய்ச்சுக் கழுவு. அப்பாவுக்கு நீதான் பரிமாறணும்."