பட்டியலில் நிற்கும் வீடு

போன வருடம் எங்கள் வீடு பெரியப்பாவின் தீவில் இருந்தது. அப்புறம் ஒரு வாத்து யாருடையது என்று அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சண்டை. அப்பா பெரிய ரம்பத்தை எடுத்து எங்கள் பக்கத்தைத் தனியாக அறுத்தார். வீட்டோடு சேர்த்துப் படகில் கட்டி இழுத்துவந்து, வேறு தீவோடு பிணைத்துவிட்டார். தித்திகாகா ஏரியில் கோரைப்புல்லை அடுக்கிக் கட்டிய மிதக்கும் தீவுகளில் இதெல்லாம் சகஜம். அரசாங்கத்துக்குத்தான் புரியவில்லை.

ஒரு நாள் காலை, வெயிலில் மின்சாரம் தரும் சூரியத் தகடுகளோடு அரசாங்கப் படகு வந்தது. முக்கால் விலையை அரசாங்கமே கொடுக்கிறது. அதிகாரி சலினாஸ் பட்டியலைப் பார்த்தார், எங்கள் வீட்டைப் பார்த்தார், மறுபடியும் பட்டியலைப் பார்த்தார்.

"இந்தத் தீவுல நாலு வீடுன்னு போட்டிருக்கு. அஞ்சு இருக்கே!"

"அஞ்சாவது நாங்க சார். எலோய் கொய்லா," என்றார் அப்பா.

"எலோய் கொய்லா வீடு பட்டியல்ல வேற தீவுலதானே இருக்கு?"

"இருந்துச்சு சார். இப்ப இங்க இருக்கு."

"வீடு எப்படிய்யா நடந்து வரும்?"

"நடக்கல சார். மிதந்து வந்துச்சு."

சலினாஸ் தலையைச் சொறிந்தார். பட்டியலில் உள்ள தீவில்தான் தகடு வைக்க வேண்டுமாம். மாற்றி எழுதத் தலைநகர் லிமாவிலிருந்து உத்தரவு வர வேண்டுமாம். மூன்று மணிக்குப் படகு கிளம்பும்போது மிஞ்சிய தகடும் கூடவே போய்விடுமாம்.

"அப்போ வீடு முக்கியமா, தீவு முக்கியமா?" என்றார் அப்பா.

"ரெண்டும்தான்... இருங்க, எனக்கே குழப்பமா இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. போன மாதம் மெழுகுவத்தி சாய்ந்து தம்பியின் போர்வை பற்றிக்கொண்டது. தீவு முழுக்கக் காய்ந்த கோரை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெளிச்சமே இல்லை. இருட்டினால் தம்பி என் கையை விடவே மாட்டான்.

"சார், பட்டியல்ல இருக்கற எடத்துல வீடு இருந்தா தகடு தருவீங்களா?"

"தருவேன் பாப்பா. ஆனா இல்லையே?"

"மூணு மணிக்குள்ள இருக்கும்."

"நெலிதா!" அப்பா கத்தினார். "அந்த மனுஷன் வாசல்ல நான் போய் நிக்கணுமா?"

"நீங்க நிக்க வேணாம்ப்பா. வீடு நின்னா போதும்."

அம்மா சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டாள்.

நான் சின்னப் படகில் முன்னால் போனேன். மடியில் ஒரு வாத்து.

"பெரியப்பா, இதை வச்சுக்கோங்க. எங்க வீட்டைக் கொஞ்ச நேரம் இங்க கட்டிக்கறோம்."

பெரியப்பா முழித்தார். "இது அந்த வாத்து இல்லையே?"

"அது செத்துப்போச்சு. இது அதோட குஞ்சு."

"அப்போ இது யாரோடது?"

"எனக்கும் தெரியல பெரியப்பா."

அவர் வாத்தை வாங்கிக் கீழே விட்டார். பிறகு, பின்னால் மிதந்து வந்த எங்கள் வீட்டை நோக்கிக் கயிற்றை வீசினார்.

எங்கள் ஏரி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால், சூரியன் வடக்கே சாய்ந்து போகும். அதனால் சலினாஸ் தகட்டை வடக்குப் பார்த்து வைத்தார். "இதைத் திருப்பிடாதீங்க," என்று சொல்லி, பட்டியலில் கோடு போட்டுவிட்டுப் புறப்பட்டார்.

அப்பா கயிற்றை அவிழ்க்கப் போனார்.

"எங்க கெளம்பிட்ட?" பெரியப்பா உறுமினார். "இழுத்தா வீடு சுத்திக்கும். அப்புறம் எது வடக்குன்னு அங்க யாரு உனக்குச் சொல்லுவா?"

"வடக்கு எங்கயும் வடக்குதானே?" என்றார் அப்பா. ஆனால் கயிற்றை விட்டுவிட்டார். அதை யாரும் மறுபடி தொடவில்லை.

சாயங்காலம் விளக்கு எரிந்தது. தம்பி அதை அண்ணாந்து பார்த்தான். பிறகு என் கையை விட்டுவிட்டு வாத்தைத் துரத்தப் போனான்.