வேஷத்துக்கு வந்த ஆள்

பூட்டைத் திறந்ததும் வலி மருந்தின் வாடை முகத்தில் அடித்தது. மனைவி போய் வருஷம் ஒன்றாகியும், பூட்டியே கிடந்த அந்த வீடு அதை மட்டும் விடாமல் வைத்திருந்தது. கம்ப்யூட்டரில் நிரல் எழுதிப் பிழைக்கும் அந்த மனிதன், அலமாரியிலிருந்து அவளுடைய பழைய லேப்டாப்பை எடுத்துத் தூசி தட்டினான். வெளியே பட்டப்பகல். உள்ளே விளக்குப் போட வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகளுக்கு ஓர் அறுவை சிகிச்சைத் தேதி வேண்டும். அங்கிருக்கும் இதய நிபுணரிடம் தேதி கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆஸ்பத்திரி இணையதளத்தில் வந்த வேகத்தில் காணாமல் போய்விடும். மனிதக் கை தோற்கும் இடத்தில் நிரல் ஜெயிக்கும் என்று ஒரு நிரல் எழுதினான். வந்திருப்பது மனிதர் இல்லை என்று மோப்பம் பிடித்த தளம் கதவைச் சாத்தியது.

அப்புறம்தான் யாரோ எழுதி இணையத்தில் விட்டிருந்த ஒரு லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, கண்டுபிடித்தான். நிரலுக்கு பிரௌசர் வேஷம் கட்டிவிடுவதுதான் அதன் வேலை. வணக்கம் சொல்லும் விதம், பேச்சின் வரிசை, நடுநடுவே மனிதர்போலத் தயங்குவது எல்லாம் அச்சு அசல். அப்படியும் புது ஆள் என்று தளம் சந்தேகப்பட்டது.

பழகிய ஆளாக வேண்டும். மனைவி தன் கடைசி மாதங்களில் தினமும் போய் வந்த தளம் அது. அவளை அடையாளம் தெரிந்துகொள்ள அந்தத் தளம் அவள் பிரௌசரில் விட்டுவைத்த குக்கீ ஒன்றை எடுத்து மாட்டினால் போதும். அவசரக்காரன், அந்த பிரௌசரில் இருந்த அத்தனையையும் வழித்தெடுத்து நிரலுக்குள் கொட்டினான்.

கதவு திறந்தது. மறுநாள் காலைக்கே தேதி!

“போன பிறகும் நீதாண்டி காப்பாத்துற” என்று வாய்விட்டுச் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நிரலின் வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் திரையில் புதிதாக ஒரு வரி ஓடியது. குழந்தைகள் வார்டின் பக்கம் திறந்தது.

அவன் அப்படி எழுதவில்லை.

அடுத்து மகளின் பக்கம். அதில் அவள் புகைப்படம். அங்கே போனதும் நிரல் அசையாமல் நின்றுவிட்டது. எந்த லைப்ரரியும் அவ்வளவு நேரம் தயங்காது.

நிரலை நிறுத்தினான். வரிகள் ஓடின.

லேப்டாப்புக்கு இணைப்புக் கொடுத்திருந்த செல்போனில் இணையத்தை அணைத்தான்.

ஓடின.

வலி மருந்து வாடை இப்போது தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது, அப்போதுதான் பூசியதுபோல. திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

போன் அடித்தது. மகளுக்குத் துணையிருக்கும் அவன் அக்கா கிசுகிசுத்தாள்.

“டேய், பாப்பா யார்கிட்டயோ பேசிட்டிருக்காடா.”

“யாரு வந்திருக்கா?”

“யாருமே இல்ல. கதவப் பாத்து சிரிக்கிறா. செருப்பு எங்கன்னு கேக்குறா.”

“அக்கா, அவ கைய விட்டுடாத! கெட்டியாப் பிடிச்சுக்கோ!”

“பிடிச்சுட்டுதாண்டா இருக்கேன். கை சில்லுனு ஆகுதுடா...”

அதற்கு மேல் அக்காவின் அலறல்தான் கேட்டது.

திரையில் மறுநாள் தேதி ரத்தாகியிருந்தது. காரணம் எழுதும் கட்டத்தில் ஒரே வரி.

‘பாப்பாவ நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க அலைய வேணாம்.’

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, மகளின் கணக்கை மூடிவிடலாம் என்று அவன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தத் தளத்தைத் திறந்தான். எச்சரிக்கை ஒன்று வந்தது.

‘உங்களைத் தவிர இன்னும் இருவர் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை வெளியேற்றவா?’

விரல் பொத்தான் வரை போனது. பெற்ற மனம், அழுத்த முடியவில்லை.