ஸ்டோர் ரூம் மரங்கொத்தி

“எல்லாப் படத்துலயும் நீங்களும் நானும் மட்டும்தான் இருக்கோம்ப்பா.”

“படம் எடுக்கறவங்க எப்படிம்மா படத்துல இருப்பாங்க?”

“அதான்ப்பா கேக்கறேன். எப்பப் பாத்தாலும் சித்தியே ஏன் எடுக்கணும்? அவங்களையும் வந்து நிக்கச் சொல்லுங்களேன்.”

அப்பா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “நான் சொன்னா எனக்காக வந்து நிப்பாங்க. நீ கேட்டா உனக்காக நிப்பாங்க. உனக்கு எது வேணும்?”

மலைப்பாதையில் வேன் வளைந்து வளைந்து ஏறும்போது சிட்டு இந்தப் பேச்சைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கேட்டதற்கு அவள் அன்று பதில் சொல்லவில்லை. பதில் தெரியாமல் இல்லை. பயம்தான். ‘பரவாயில்ல சிட்டு, நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க, போதும்’ என்று சித்தி சொல்லிவிட்டால்?

சிட்டுவின் அம்மா அவள் சிறு குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். சித்தி போன வருடம்தான் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தார். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குரலும் மெது, நடையும் மெது. சிட்டுவின் அறைக்கதவு விரியத் திறந்திருந்தாலும் தட்டாமல் உள்ளே வரமாட்டார். இரண்டு விரல் மடக்கி, டொக்டொக்... டொக். அப்புறம் “வரலாமா சிட்டு?”

சிட்டுவும் “ம்” என்பாள். அதோடு சரி.

வேன் நின்றது. அவர்கள் போகும் சர்ச் சபையின் தியான முகாம் வருடா வருடம் இந்த மலை பங்களாவில்தான் நடக்கும். முகாமின் கடைசிச் சாப்பாடு முடிந்ததும், வாசல் படியில் ஒவ்வொரு குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இந்த வருடம் எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்று சிட்டு நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை உணவு முடிந்ததும் போதகர் எழுந்து நின்றார்.

“இனிமே மௌன நேரம். இந்த மணி மறுபடி அடிக்கிற வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. போன், வாட்ச் எல்லாத்தையும் இந்தக் கூடையில போட்டுடுங்க.”

“ஐயா, கொட்டாவி விடலாமா?” என்று கேட்டான் ரேடியோ. தூங்கும்போதும் பேசுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

“சத்தமில்லாம விடலாம்.”

“தும்மல்?”

“டேய்!” என்றார்கள் எல்லோரும்.

கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைக்கூடப் போதகர் விடவில்லை. அதற்கென்றே சிட்டுவின் அப்பாவிடம் சொல்லி ஓர் உறை தைத்து வாங்கியிருந்தார். தையல்காரர் தைத்த உறை அல்லவா? கடிகாரத்துக்குச் சட்டை போட்டதுபோல் கச்சிதமாக இருந்தது.

கைமணியையும் கூடையையும் போதகர் சித்தியிடம் நீட்டினார். “சிஸ்டர், இந்தத் தடவை மணி உங்க பொறுப்பு. உங்க வாட்ச் மட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்.”

சித்தியின் முகம் சிவந்துவிட்டது. சபையில் அவருக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அது. மணியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஒரு முறை அடித்தார்.

மௌனம் தொடங்கியது. ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். அப்பா ஒரு மரத்தடியில் கண்மூடி ஜெபித்தார். நடுநடுவே குறட்டையும் வந்தது.

நேரம் போனது. போய்க்கொண்டே இருந்தது.

மூடுபனியில் சூரியன் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. சமையல்காரர் வாசலுக்கு வந்து சூப் பானையைக் காட்டினார். வயிற்றைத் தடவினார். மறுபடி பானையைக் காட்டினார். போதகர் புன்னகையோடு விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். மணி அடிக்கவில்லையே!

ரேடியோவின் கன்னம் இரண்டும் ஊதிப் போயிருந்தன. உள்ளே அடைத்து வைத்த வார்த்தைகள் எப்போது வெடிக்குமோ என்று பயமாக இருந்தது. யாரோ ஒருவரின் வயிறு உறுமியது. இன்னொருவர் வயிறு அதற்குப் பதில் சொன்னது. ஒரு பெரியம்மா வெறும் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, உதட்டைப் பிதுக்கினார். ‘மணி வெச்சிருக்கறவங்க எங்க?’ என்பதுபோல் நாலைந்து தலைகள் திரும்பின.

சிட்டுவும் எழுந்து சுற்றும் முற்றும் பார்த்தாள். எல்லோரும் சித்தியைத் தேடுகிறார்கள். சித்தியைக் காணோமே!

அப்போது பங்களாவின் பின்பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு சத்தம் வந்தது.

டொக்டொக்... டொக்.

போதகரின் முகம் மலர்ந்தது. காட்டைக் காட்டினார். மூக்குக்கு முன்னால் விரலை நீட்டிக் கொத்துவதுபோல் தலையை ஆட்டினார். மரங்கொத்தியாம்! பிறகு வானத்தைப் பார்த்துக் கைகூப்பினார். மற்றவர்களும் தலையசைத்தார்கள்.

டொக்டொக்... டொக்.

சிட்டு காதைத் தீட்டிக்கொண்டாள். மரங்கொத்தி தன் பாட்டுக்குக் கொத்திக்கொண்டே இருக்கும். இது தட்டிவிட்டுக் காத்திருக்கிறது. ‘வரலாமா?’ என்று கேட்பதுபோல.

அவள் ஓடினாள்.

பின்பக்கம் இருந்த ஸ்டோர் ரூம் மூடியிருந்தது. காற்று கதவை அறைந்து சாத்திய வேகத்தில், வெளிப்பக்கத்துக் கொக்கி தானாக விழுந்து வளையத்தில் மாட்டியிருந்தது. சிட்டு விரலை மடக்கி அதே மாதிரி தட்டினாள். டொக்டொக்... டொக்.

உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது.

கொக்கி எட்டவில்லை. பக்கத்தில் கிடந்த வாளியைக் கதவு நிலையோரம் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். இப்போது எட்டியது, ஆனால் அசையவில்லை. சித்தி உள்ளேயிருந்து கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளத் தள்ளக் கொக்கி இறுகியது. ‘தள்ளாதீங்க சித்தி!’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் மௌன நேரமாயிற்றே!

சிட்டு தோளைக் கதவில் கொடுத்து உள்பக்கமாக அழுத்தினாள். விட்டாள். மறுபடி அழுத்தினாள். சித்திக்குப் புரிந்துவிட்டது. உள்ளேயிருந்து கதவைத் தன் பக்கம் இழுத்தார். கொக்கி தளர்ந்தது. சிட்டு அதைத் தூக்கி விட்டாள்.

கதவு திறந்தது. ஒரு கையில் மணி, தலையெல்லாம் ஒட்டடை, கண்ணில் ஈரம். சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிட்டு சட்டென்று விரலை உதட்டில் வைத்தாள்.

சித்தி தன் வாட்சைக் காட்டினார். எப்போதோ மணி அடித்திருக்க வேண்டும். எல்லோர் முகத்திலும் எப்படி விழிப்பது என்பதுபோல் நின்றார்.

சிட்டு வாளிமேல் நின்றபடியே சித்தியின் தலையிலிருந்த ஒட்டடையை ஒவ்வொன்றாக எடுத்தாள். முகத்தில் இருந்த தூசியைத் தன் சட்டை நுனியால் துடைத்தாள். பிறகு கீழே இறங்கி, மணியைப் பிடித்திருந்த சித்தியின் கைமேல் தன் கையையும் வைத்தாள்.

இருவரும் சேர்ந்து வாசலுக்கு வந்து மணியை அடித்தார்கள்.

“அப்பாடா! ஐயா, எனக்கு நாக்கு இருக்கான்னே சந்தேகம் வந்துடுச்சு! ஒரு எறும்பு என் காதுக்குள்ள போயிட்டு வந்துச்சு, நான் மூச்சுக்கூட விடல, அப்புறம்...” ரேடியோ நிறுத்தவே இல்லை.

சித்தி எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார். “மன்னிச்சிடுங்க. போன் கூடையை எடுக்கப் போய் ஸ்டோர் ரூம்ல மாட்டிக்கிட்டேன். அதான் லேட்டு.”

“அடடா! ஒரு குரல் குடுத்திருக்கலாமே சிஸ்டர்!” என்றார் போதகர்.

“மௌன நேரத்துல எப்படிங்கய்யா கத்தறது?”

“போன் பண்ணியிருக்கலாமே!” என்றார் சமையல்காரர்.

“எல்லார் போனும் என்கூடத்தான உள்ள இருந்துச்சு. யாருக்குப் பண்றது?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போதகருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

“அப்போ... அந்த மரங்கொத்தி?”

“நான்தாங்கய்யா.”

“அதுக்காக நான் ஒரு ஜெபமே பண்ணிட்டேனே!”

“அதனாலதான் கதவு திறந்துச்சு போல,” என்றார் அப்பா. மலையே அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள். உதட்டைப் பிதுக்கிய பெரியம்மாதான் அதிகமாகச் சிரித்தார். சித்தியின் தோளில் கைபோட்டு, “வாம்மா, முதல்ல சூடா ஒரு வாய் சூப் குடி” என்று கூட்டிப்போனார்.

சித்தியின் முகம் தெளிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சிட்டுவுக்கே பசி தெரிந்தது.

அடுத்த நாள் கடைசிச் சாப்பாடும் முடிந்தது. மூடுபனி விலகி, வாசல் படியில் வெயில் விழுந்தது. சிட்டுவின் குடும்பத்து முறை வந்தது. அப்பாவும் சிட்டுவும் படியில் நின்றார்கள். சித்தி வழக்கம்போல் போனை எடுத்துக்கொண்டு எதிரே போனார்.

“கொஞ்சம் சிரிங்க. சிட்டு, தலையைத் தூக்கும்மா.”

சிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் வேறு எங்கோ பார்ப்பதுபோல் நின்றார். மணி அடித்து ஒரு நாள் ஆகிவிட்டது. அவளுடைய மௌன நேரம் மட்டும் இன்னும் முடியவில்லை.

படியோரத்து மரக் கைப்பிடியில் இரண்டு விரல் மடக்கித் தட்டினாள்.

டொக்டொக்... டொக்.

சித்தி போனைத் தாழ்த்தினார். “என்ன சிட்டு?”

ரேடியோ ஓடி வந்து, “நான் எடுக்கறேன், நான் எடுக்கறேன்!” என்று கையை நீட்டினான்.

சிட்டு நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டாள். “சித்தி, நீங்களும் வந்து நில்லுங்க. எனக்கு நீங்க இருக்கற படம்தான் வேணும்.”