கரையில் கிடந்த வேட்டி

பேய் இல்லை என்று நாற்பது மேடைகளில் முழங்கியவன் நான். அச்சத்தை வளர்ப்பவன் யார், அதை விற்றுப் பிழைப்பவன் யார் என்று துண்டறிக்கை அச்சிட்டு, சந்தை வாசல்களில் என் கையாலேயே கொடுத்தவன். சென்ற ஐப்பசியில் குரும்பகரம் சாலையில் நடந்ததைச் சொல்வதில் எனக்குப் பெருமை இல்லை. நடந்தது, அதனால் சொல்கிறேன்.

அன்று சனிக்கிழமை. குரும்பகரத்தில் நண்பர் செம்பியனின் மகளுக்குத் திருமணம். சனியன்று எமகண்டம் பகல் ஒன்றரைக்குத் தொடங்கும். ஆகவே ஒன்றரைக்கே மணவிழா என்று அழைப்பிதழில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தோம். தலைமை தாங்க வேண்டியவன் நான். எட்டு வயது மகள் ஓவியாவை மிதிவண்டியின் கேரியரில் ஏற்றிக்கொண்டு காரைக்காலிலிருந்து கிளம்பினேன். திருநள்ளாற்றுக் குளத்தருகே தண்ணீர் குடிக்க நின்றபோது மணி பன்னிரண்டு.

இரவெல்லாம் பெய்த மழைக்கு ஈடுகட்டுவதுபோல் வெயில் காய்ந்தது. ஓவியாவுக்குக் கண் சொக்கியது. உறங்கும் குழந்தையின் கால் ஆரக்கம்பிக்குள் சிக்கினால் என்னவாகும் என்பதைப் போன மாதம் எங்கள் தெருவிலேயே பார்த்தவன் நான். பக்கத்து வீட்டுச் சிறுமி இன்னும் நடக்கவில்லை. இத்தகைய வேளையில் தோள்துண்டால் மகளை என்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது என் வழக்கம். அன்று துண்டை வீட்டில் மறந்துவிட்டிருந்தேன்.

கரையில் துணி மலையாய்க் குவிந்திருந்தது. சனி விலக வேண்டுமென்று நல்லெண்ணெய் தேய்த்து முழுகுவோர், உடுத்திய துணியை அங்கேயே விட்டு, திரும்பிப் பாராமல் போவார்கள். என் கண்ணெதிரே, கன்னம் ஒட்டிய ஒருவர் நீலக்கரை வேட்டியொன்றைக் குவியலில் போட்டுவிட்டு நடந்தார். நான் குனிந்து அதை எடுத்தேன்.

"அத எடுக்காதீங்க சார்."

குவியலை அள்ளும் அஞ்சுகம். என் கூட்டங்களுக்கு வருகிறவர். கையில் நீளக் கம்பு.

"தினமும் அள்ளுற உங்களுக்கு ஒட்டாதது எனக்கு மட்டும் ஒட்டுமாம்மா?"

"நான் கம்பால தூக்கி வண்டியில போடுறேன். ஒரு துணி எங்க வீட்டுப் படி தாண்டுனதில்ல. மேடையில நீங்க பேசுனதுக்குக் கை தட்டுனேன் சார், இதுக்குத் தட்ட மாட்டேன். கட்டுறதுன்னா நீங்க கட்டிக்கங்க. புள்ளய விட்டுடுங்க."

சிரித்தேன். வேட்டியை முறுக்கிப் பிழிந்து, மகளின் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, என் வயிற்றின் முன்னே முடிச்சுப் போட்டேன். ஒரே ஒரு முடிச்சு.

நிமிர்ந்தபோது, வேட்டியை விட்டுப்போனவர் தொலைவில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நோக்கிக் கைகூப்பினார். அவர் முகத்தில் இருந்தது நன்றி.

ஊர் முடிந்தது. இருபுறமும் வயல், சாலையை ஒட்டிக் கரைமுட்டிய வாய்க்கால். எதிரே ஒரு வண்டி வரவில்லை. மடையில் கொக்கு இல்லை. தவளைகூட வாய் மூடியிருந்தது.

முதலில் வந்தது மணம். நல்லெண்ணெய். வேட்டியில் ஊறியது, வெயிலுக்குக் கிளம்புகிறது என்று எனக்கு நானே விளக்கினேன்.

பிறகு மிதி கனத்தது. மேடில்லாத சாலை. எதிர்க்காற்று இல்லை. இருபது கிலோ இல்லாத குழந்தை. ஆனால் நெல் மூட்டை ஏற்றியவன்போல் எழுந்து நின்று மிதித்தேன். பின்சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக முனகத் தொடங்கியது.

உச்சி வெயில் எங்கள் நிழலைச் சுருட்டிச் சாலையில் போட்டிருந்தது. அதைப் பார்த்தேன்.

கேரியரின் ஒரு பக்கம் இரண்டு கால்கள் தொங்கின. நீளமான கால்கள். தரையைத் தொடும் அளவுக்கு நீளம்.

"அப்பா."

"தூங்கலியாம்மா?"

"இந்த மாமா எங்கப்பா எறங்குவாங்க?"

"எந்த மாமா?"

"என் பின்னாடி உக்காந்திருக்காங்கல்ல. கையெல்லாம் எண்ணெய்ப்பா. வழுக்குது."

குனிந்தேன். என் இடுப்பைக் கோத்திருந்தன மகளின் இரண்டு சிறு கைகள்.

அவற்றின் மேல் இன்னொரு கை.

பிரேக்கை அழுத்தினேன். ரப்பர் கட்டை சக்கரத்தைக் கவ்வியது, சக்கரம் நிற்கவில்லை. மிதியிலிருந்து காலை எடுத்தேன். மிதி தானே சுற்றியது. முடிச்சைத் தேடினேன். ஒரு முடிச்சுப் போட்ட இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஈரத்தில் இறுகி, கல்லாய் ஏழெட்டு முடிச்சுகள்.

கைப்பிடி மெல்லத் திரும்பியது. வாய்க்கால் பக்கம்.

எவனை இல்லை என்று முழங்கினேனோ, அவனிடம் கெஞ்சினேன்.

"எறங்கிடுங்க. எடுத்தவன் நாந்தான். புள்ளய விட்டுடுங்க."

காதருகே ஈரமான மூச்சு.

தண்ணீர்.

இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் குப்புற விழுந்தவன் எழ முடியவில்லை. முதுகில் மகள் துடிக்கிறாள். அவளுக்கும் மேலே ஏதோ ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அவளுடைய உதைகள் குறைவதை என் முதுகெலும்பால் எண்ணினேன். மூன்று. இரண்டு. பிறகு ஒன்றுமில்லை.

வயிற்றருகே ஒரு கத்தி உரசியது. துணி கிழிந்தது. கனம் விலகியது.

கரையில் கிடந்த ஓவியா தண்ணீரைக் கக்கி, இருமி, அழுதாள். அந்த அழுகையைப்போல் இனிய ஓசை நான் கேட்டதில்லை. அவளைக் கவிழ்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தவர் காஜா மைதீன். மொபெட்டில் ஐஸ் பெட்டி வைத்து மீன் விற்பவர். மீன் வெட்டும் கத்தி பக்கத்தில் கிடந்தது.

அவர் எழுந்து மறுபடியும் வாய்க்காலில் இறங்கினார். முழுகினார். எழுந்தார். மீண்டும் முழுகினார்.

"பாய், எதைத் தேடுறீங்க?"

"என்ன வாத்தியாரே, புத்தி கலங்கிடுச்சா? இன்னொருத்தர் எங்க? பொறத்தாலயேதானே வந்தேன். மூணு பேருல்ல போனீங்க? பெரிய ஆள ஏத்திக்கிட்டு இந்த லொடக்கு சைக்கிள்ல போறாரேன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே வந்தேன்."

அவர் கரையோரம் முழுவதும் துழாவிவிட்டு வந்தார். ஆள் அகப்படவில்லை. அறுத்த வேட்டியும் அகப்படவில்லை.

மணவிழா நடந்தது. இரண்டரைக்கு, நனைந்த சட்டையோடு ஒலிபெருக்கி முன் நின்றேன். வாழ்த்துகிறேன் என்ற ஒரு சொல்லோடு இறங்கினேன்.

மிதிவண்டி இப்போது எங்கள் கொல்லையில் நிற்கிறது. யாரும் தொடுவதில்லை, ஆனால் ஸ்டாண்டு நாளுக்கு நாள் மண்ணில் அழுந்துகிறது. விற்றுவிடலாம் என்கிறாள் என் மனைவி எழில்மதி. யாரிடம் விற்பது? இன்னொரு குழந்தையின் தகப்பனிடமா? எவரேனும் எடுத்துப் போகட்டும் என்று ஏதேனும் ஒரு கரையில் சாய்த்துவிட்டு, தொலைவில் நின்று கைகூப்புவதா? பிறர் தலையில் தன் தீங்கை இறக்கிவைக்கும் அந்தச் சடங்கைத்தானே வாழ்நாளெல்லாம் எதிர்த்தேன்? அதை மட்டும் என்னால் செய்ய முடியாது. என் வீட்டிலேயே இருக்கட்டும்.

நேற்று மாலை, பள்ளிவிட்டு வந்த ஓவியா மிதிவண்டியருகே நின்றிருந்தாள். கேரியரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆளின் முகம் இருக்கும் உயரத்துக்கு.

"ஏறாதே!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏறலப்பா," என்றாள். "எடந்தான் இல்லையே."