ஒற்றைச் செருப்பு விருந்தாளிகள்

மணி இரண்டு பத்து.

இன்னும் இருபதே நிமிடம். இரண்டரை மணிக்கு ஹோட்டல் உணவகத்தில் மதிய ஆர்டரை நிறுத்திவிடுவார்கள். வண்டியோ வாசலிலேயே நின்றது. முன்னால் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட தடுப்புக் கம்பம். பக்கத்தில் ஒரு மேசை, நாற்காலி, காவலர்.

அவர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். முதலில் மீசை உள்ளே வந்தது, பிறகு முகம்.

"ரூம் போட்டிருக்கீங்களா?"

"இல்லை சார். சாப்பிட வந்தோம்," என்றார் அப்பா.

"சாப்பிட..." காவலர் அந்தச் சொல்லைக் கசப்பு மாத்திரை மாதிரி மென்றார். பின் இருக்கையை எட்டிப் பார்த்தார்.

அங்கே வாயாடி இருந்தாள். வயது பத்து. அவளுக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு வெகுநாளாகிறது. அவள் பக்கத்தில் நான்கு வயதுத் தம்பி. அவன் இடுப்பில் ஒரு வாத்து. காற்றடித்த மஞ்சள் மிதவை வாத்து. இரண்டு வாரமாக அதைக் கழற்றுவதில்லை. தூங்கும்போதும்தான்.

"சாப்பிடறதுக்கு எதுக்கு வாத்து?" என்றார் காவலர்.

"சூப்ல விழுந்துட்டா என்ன பண்றது?" என்றான் தம்பி.

காவலர் சிரிக்கவில்லை. ஹோட்டலுக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே கேளிக்கைப் பூங்காவின் ராட்சத ராட்டினம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சறுக்கில் யாரோ வீலென்று அலறுவது இங்கே வரை கேட்டது.

"பார்க்குக்கு வர்றவங்க வண்டி நிறுத்துற இடம் அந்தப் பக்கம் இருக்கு சார். திருப்பிக்கங்க."

"அய்யோ, நாங்க பார்க்குக்கு வரலை சார்."

"காலையில நாலு வண்டி இதையேதான் சொன்னாங்க. அங்கே நிறுத்தினா இருபது நிமிஷம் நடக்கணும். இங்கேன்னா பார்க் வாசல் பக்கத்துலயே. அதான் சாப்பிட வந்தோம்னு ஒரு பொய். நிஜமா சாப்பிட வர்றவங்களுக்கு மொத்தமே பன்னிரண்டு இடம். இப்போ பாக்கி ஒண்ணே ஒண்ணு. அதையும் ஏமாந்து கொடுத்தேன்னு வைங்க, மேனேஜர் என்னைக் குப்பை வண்டி வர்ற பின் வாசலுக்கு மாத்திடுவார்."

அப்பா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், கம்பம் மேலே போய்விடும். 'என் மனைவி இங்கேதான் சமைக்கிறாங்க.' ஆனால் அதைச் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

அம்மா நான்கு வருடமாக அந்த உணவகத்தில் காய் நறுக்குகிறாள். விடுமுறை நாள் என்றால் ஊரே அங்கே சாப்பிடும். அம்மா உள்ளே நிற்பாள். இன்று ஒரே ஒரு நாள், தலைமைச் சமையல்காரர் அம்மாவின் பூசணி சூப்பைப் பட்டியலில் சேர்த்திருந்தார். நாளைக்கு வேறு சூப். காலையில் கிளம்பும்போது அம்மா சொல்லியிருந்தாள்: "என் பேரைச் சொல்லிக்கிட்டுப் பின் வாசல் வழியா வராதீங்க. முன் வாசல்ல விருந்தாளியா வாங்க. நீங்க மேசையில உட்கார்ந்து சாப்பிடறதை நான் ஒரு தடவையாவது பார்க்கணும்."

இரண்டு பதினைந்து.

அப்பா பெருமூச்சு விட்டபடி கியரைத் தொட்டார்.

"அப்பா, ரிவர்ஸ் போடாதீங்க," என்றாள் வாயாடி. கதவைத் திறந்து இறங்கினாள்.

காவலரின் முகத்தை அருகில் பார்த்ததும் அவளுக்கு ஒன்று புரிந்தது. இவர் கோபக்காரர் இல்லை. பயந்து போயிருக்கிறார்.

"அங்கிள், நாங்க பார்க்குக்குப் போக மாட்டோம்னு உங்களுக்கு நம்பிக்கை வரணும். அவ்வளவுதானே? வாத்தை உங்ககிட்டயே விட்டுட்டுப் போறோம்."

வண்டிக்குள் ஓர் ஊளை கேட்டது.

"வாத்து பார்க் கடையில நூறு தொங்குது பாப்பா," என்றார் காவலர். ஊளை நின்றது.

வாயாடி யோசித்தாள். தார்ச்சாலை வெயிலில் பளபளத்தது.

"அங்கிள், பார்க்குக்குள்ள எவ்வளவு நடக்கணும்?"

"நாள் பூரா நடக்கணும்."

"உணவகத்துக்கு?"

"அது இதோ, நிழல்லயே முப்பது அடி."

வாயாடி குனிந்தாள். வலது கால் செருப்பைக் கழற்றிக் காவலரின் மேசைமேல் வைத்தாள்.

"எங்க மூணு பேரோட வலது கால் செருப்பும் உங்ககிட்ட இருக்கட்டும். ஒத்தைச் செருப்போட பார்க்கைச் சுத்த முடியுமா? முப்பது அடின்னா நொண்டிக்கிட்டே போயிடலாம்."

காவலர் செருப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மீசையின் ஒரு முனை துடித்தது. பிறகு மறு முனை.

"சார், நீங்களும் கழட்டுவீங்களா?"

அப்பா ஏற்கெனவே ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. "வேற சாக்ஸ் போட்டிருக்கலாம்," என்று முணுமுணுத்தார்.

காவலர் மஞ்சள் சீட்டில் நேரம் எழுதி நீட்டினார். "மூணு மணி நேரம். உணவகத்துல முத்திரை வாங்கிட்டு வாங்க. ஓடுங்க."

கம்பம் மேலே போனது.

இரண்டு இருபத்தாறுக்கு மூன்று பேரும் உணவகத்துக்குள் நொண்டி நொண்டி நுழைந்தார்கள். அடுப்பங்கரையின் சிறிய ஜன்னலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தொப்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் நடையைப் பார்த்ததும் தொப்பி பதறி வெளியே வந்தது.

"கால்ல என்ன ஆச்சு?" என்று கிசுகிசுத்தாள் அம்மா.

"அப்புறம் சொல்றேன்," என்றார் அப்பா. நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னைக்கு என்னம்மா விசேஷம்?"

அம்மா சட்டென்று முகத்தைச் சரிசெய்துகொண்டாள். "பூசணி சூப் இருக்கு சார்."

"அம்மா, நீ ஏன் அப்பாவை சார்னு கூப்பிடறே?" என்றான் தம்பி, உணவகம் முழுக்கக் கேட்கும்படி.

மூன்று கிண்ணம் வந்தது. ஆவி பறந்தது. அம்மா ஜன்னலுக்குப் பின்னால் நின்று, கையில் இருந்த துணியை முறுக்கிக்கொண்டே பார்த்தாள். அப்பா ஒரு கரண்டி குடித்தார். கரண்டியைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்தார்.

"சூடு," என்றார்.

சூடு அவ்வளவு இல்லை என்பது வாயாடிக்குத் தெரியும்.

கிண்ணங்கள் பளிச்சென்று காலியான பிறகு, மதிய வேலை முடிந்து அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயாடி வாசல் கதையை மூச்சு விடாமல் சொன்னாள். அம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவர் ஏதாவது சாப்பிட்டாரா?"

வாயாடி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அந்தக் கம்பத்தை விட்டு அவர் எங்கே போறது? சாப்பிட்டிருக்க மாட்டார்மா. அவருக்கு ஒரு கிண்ணம் கொண்டு போலாமா?"

அம்மா அப்போதே எழுந்துவிட்டாள்.

வாசலில் மூன்று வலது கால் காலணிகளும் மேசைமேல் இல்லை. வெயில் படாமல், காவலரின் நாற்காலிக்கு அடியில், நிழலில் வரிசையாக இருந்தன. யாருக்கும் கால் சுடக் கூடாது என்று அவரே எடுத்து வைத்திருந்தார்.

வாயாடி முத்திரை போட்ட மஞ்சள் சீட்டை நீட்டினாள். அம்மா கிண்ணத்தை நீட்டினாள்.

"இது எதுக்கும்மா?"

"எங்க வீட்டு ஆளுங்களை உள்ளே விட்டதுக்கு."

காவலர் அம்மாவின் வெள்ளைத் தொப்பியைப் பார்த்தார். வாயாடியைப் பார்த்தார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா அப்பவே திறந்திருப்பேனே பாப்பா."

"விருந்தாளியாத்தான் வரணும்னு அம்மா சொல்லிட்டாங்க அங்கிள். எங்களை விருந்தாளியா உள்ளே விட்டது நீங்கதான். ரொம்ப தேங்க்ஸ்."

காவலர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கரண்டி குடித்தார். இன்னொரு கரண்டி. மீசையில் ஒட்டியதைத் துடைக்கவும் மறந்துபோனார்.

"இந்த வாசல்ல நின்னு எத்தனையோ பேரைச் சாப்பிட அனுப்பியிருக்கேன்," என்றார் மெதுவாக. "எனக்குச் சாப்பிடக் கொண்டு வந்தது நீங்கதான்."

மூவரும் காலணியை மாட்டிக்கொண்டு ஏறியதும் அப்பா வண்டியைக் கிளப்பினார். காவலர் ஒரு கையில் கிண்ணத்தை அணைத்துக்கொண்டு மறு கையால் கம்பத்தை உயர்த்தினார். வண்டி தெருமுனை திரும்பிய பிறகும் அதை இறக்க அவருக்கு மனசு வரவில்லை.